ஒரு ஜீப் நிறைய வராத பிள்ளைகள்

பூப்பாறையைத் தாண்டி மேலே ஏறுகிற சாலையில் வெள்ளிமுடி எஸ்டேட் என்று ஒன்று. அங்கே யாராவது வெளியாள் பார்வையிட வருகிறார் என்றால், ஆபீசிலிருந்து முதலில் ஆள் அனுப்புவது மொக்கையன் வீட்டுக்குத்தான். மொக்கையன் மேனேஜர் இல்லை, சூப்பர்வைசர்கூட இல்லை. தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. ஆனால் வருகிறவர் கண்ணில் எது படவேண்டும், எது படக்கூடாது என்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்த மலையில் ஆள் கிடையாது.

வெளிநாட்டுக்குத் தூள் போகவேண்டுமானால் வருஷா வருஷம் ஆடிட் வரும். அன்றைக்குப் பார்க்கவேண்டும் மொக்கையனை. விடிவதற்குள் எல்லார் தலையிலும் தொப்பி, வாயில் துணி, கையில் உறை. சுவரில் தொங்குகிற முதலுதவிப் பெட்டிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து வந்து நிறையும். பாத்ரூமில் சோப்பு, அதுவும் வாசனை சோப்பு. ஆடிட் முடிந்து திரும்புகிறவர்களின் கார் கீழ் வளைவைத் தாண்டிவிட்டது என்று போன் வந்ததும் சோப்பு உள்பட எல்லாம் ஸ்டோருக்குத் திரும்பிப் போய்விடும். ஒரு தடவை அவசரத்தில் ஒரு பெண் கையுறையைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்று மொக்கையன் இரவோடு இரவாக அவள் குடியிருக்கிற லயத்துக்கே போய் வாங்கி வந்தார். அப்பேர்ப்பட்ட பொறுப்பு.

இதிலே பொய் இருக்கிறதே என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்கிற யோக்கியதை யாருக்கு இருந்தது? கொழுந்து எடுக்கிற பெண்கள் முற்றின இலையைச் சாக்கின் அடியில் அமுக்கி, மேலே இரண்டு கை நல்ல கொழுந்தைப் பரப்பித்தான் எடைக்குக் கொண்டுவருவார்கள். எடை போடுகிறவருக்கும் அது தெரியும். மேலே கையை விட்டுப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார். மேலாப்பில் இருப்பது நன்றாக இருந்தால் போதும் என்பது அங்கே பிறந்த பிள்ளைகள் தாய்ப்பாலோடு படிக்கிற பாடம்.

மொக்கையனை யாரும் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக நிற்பார், கல்யாணத்துக்குக் கடைசி ஆளாகச் சாப்பிடுவார். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. அவரும் மனைவி அழகுத்தாயும் வீரபாண்டி மாரியம்மனுக்கு வேண்டாத வேண்டுதல் இல்லை. நாற்பதைத் தாண்டின பிறகு சிவசங்கரி பிறந்தாள். பிறந்த அன்று எஸ்டேட் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு, 'நம்ம ஊட்டுக்கு ஒரு ஆடிட்டர் வந்துட்டா' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஆடிட்டரிடம் மட்டும் அவர் வித்தை எதுவும் பலிக்காது. பீடி குடித்துவிட்டு வெற்றிலை போட்டு வந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

எஸ்டேட் ஓரத்தில் கேரள அரசாங்கத்தின் தமிழ் மீடியம் பள்ளிக்கூடம், நாலாம் வகுப்பு வரை. சங்கரி அதில் சேர்ந்த வருஷமே மொக்கையனைப் பெற்றோர் சங்கமான பி.டி.ஏ.வுக்குத் தலைவராக்கிவிட்டார்கள். விருந்தாளி வந்தால் நாற்காலி போட ஒரு ஆள் வேண்டுமே. அவரும் சும்மா இருக்கவில்லை. கூரை ஒழுகினால் ஃபாக்டரியிலிருந்து தகரம் கொண்டுவந்தார், பெஞ்சின் கால் ஆடினால் தானே ஆணி அடித்தார். 'எம் பள்ளிக்கூடம்' என்றுதான் எங்கேயும் சொல்வார்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போன வருஷம் ஒரு அவமானம் வந்தது. மாநிலத்தில் எல்லாப் பள்ளிக்கூடத்தையும் புதுசாக மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துப் போட்டு எல்லார் போனுக்கும் அனுப்பிவிட்டார்கள். வெள்ளிமுடிக்கு 'டி'. கடைசி எழுத்து. எதில் குறை, எந்தப் பிள்ளைக்கு என்ன வரவில்லை, அதற்கு என்ன செய்யவேண்டும், ஒன்றும் கிடையாது. ஒற்றை எழுத்து, அவ்வளவுதான். பூப்பாறைக் கடைத்தெருவில் ஒருவன், 'டீ எஸ்டேட் பள்ளிக்கூடந்தான, பொருத்தமா டி-யே குடுத்துட்டாங்க' என்று சிரித்தான். மொக்கையன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்த ஜூனில் நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் ஜீப் ஏறிக் கீழே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த டி-யினால் ஒரே ஒரு நன்மை நடந்தது. வாசிப்புக்கென்று தனியாக ஒரு டீச்சரை அனுப்பினார்கள். பெயர் பிலோமி. உத்தமபாளையத்துப் பக்கம் பூர்வீகம், தேவிகுளத்தில் வளர்ந்தவர். கடைசிப் பெஞ்சுப் பிள்ளைகள்தான் அவருடைய பிள்ளைகள். ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, காலையில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பார். பிள்ளை சொல்கிற பேச்சை அப்படியே பெரிய எழுத்தில் எழுதுவார். மறுநாள் அதையே அந்தப் பிள்ளை வாசிக்கவேண்டும்.

மூன்றாம் வகுப்புக்கு வந்தும் சங்கரிக்கு எழுத்துக் கூட்ட வராது. கணக்கு வரும், பாட்டு வரும், வாய்க்கு வாய் பதில் வரும். எழுத்து மட்டும் ஒன்றோடு ஒன்று சேராமல் தனித்தனியாக நிற்கும். அவள் பிலோமி டீச்சரிடம் வாசித்த முதல் பாடம்: 'எங்க கோழி முட்டை வச்சுச்சு. அம்மா அதை வித்துருச்சு. எனக்குக் குடுக்கல.' அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பா முன்னால் விரல் வைத்து வாசித்தாள். மொக்கையனுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அழகுத்தாய், 'ஊர் மானத்தப் பள்ளிக்கூடத்துல ஏத்திட்டு வந்துருக்கா பாரு' என்று முனகிக்கொண்டே அன்றைக்கு இரண்டு முட்டை பொரித்துப் போட்டாள்.

இந்த வருஷமும் மதிப்பீடு வந்தது. தமிழ் தெரிந்த அதிகாரி வேண்டுமென்று பாலக்காட்டிலிருந்து ஒருவரை அனுப்புவதாகச் செய்தி. மொக்கையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். சுவருக்கு வெள்ளை, வாசலுக்குச் செடி, குடிதண்ணீர்ப் பானைக்குப் புதுமூடி. எல்லாம் முடிந்து நிமிர்ந்தால், அடியில் கிடக்கிற முற்றின இலை ஞாபகம் வந்தது. வாசிக்கத் திணறுகிற பிள்ளைகள். அதிகாரி முன்னால் அதுகள் விழித்தால், மறுபடியும் டி. மறுபடியும் கடைத்தெருச் சிரிப்பு. இன்னும் நாலு வீட்டுப் பிள்ளை ஜீப் ஏறும்.

அவருக்கு ஒரு வழி தோன்றியது. சோலை என்கிற பையன் ஓட்டுகிற ஜீப்பை ஒரு நாளைக்குப் பேசினார். திணறுகிற பிள்ளைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஆனையிறங்கல் அணைக்கு டூர். பெற்றவர்களிடம், 'தலைவர் செலவு, பிள்ளைங்க சந்தோசமா இருந்துட்டு வரட்டும்' என்றார். டீச்சர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்ற பேச்சையே எடுக்கவில்லை. தன் மகளை மட்டும் விட்டுவைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவளையும் ஏற்றினார். நேர்மையாமே.

மதிப்பீட்டு அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்து டீச்சரை இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றி அனுப்புவது ஏற்பாடு. பிலோமி டீச்சர் சாந்தன்பாறைப் பக்கம் போயிருந்தார். ஹெச்.எம். டீச்சர் காலிப் பெஞ்சைப் பார்த்துவிட்டு மொக்கையனுக்குப் போன் போட்டார். 'போடியில ஒரு காதுகுத்து டீச்சர். எல்லாம் ஒரே சொந்தக்காரங்க' என்றார் மொக்கையன். மலையில் பிழைக்கிறவர்களுக்குச் சொந்தமெல்லாம் கீழே போடியிலும் தேனியிலும். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கிடாவெட்டு என்று பிள்ளைகள் லீவு போடுவது புதிதில்லை. ஹெச்.எம். டீச்சர் நம்பினாரோ நம்ப நினைத்தாரோ, ஹாஜர் புத்தகத்தில் 'ஊருக்குப் போயிருக்கிறார்கள்' என்று எழுதிவிட்டார்.

ஜீப்பில் ஒரே கும்மாளம். ஒரு வளைவில் வனத்துறைப் போர்டு ஒன்று புதிதாக நட்டிருந்தார்கள். சோலை வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினான். சங்கரி தலையை வெளியே நீட்டி, 'யா... னை... கள்... நட... மா... டும்... இட... ம்' என்று வாசித்தாள். அடுத்த வரியையும் விடவில்லை. 'இற... ங்... இறங்... காதீ... ர்.' மொக்கையன் சோலையின் முகத்தைப் பார்த்தார். சோலை, 'சரியாத்தாண்ணே வாசிக்கிது' என்றான்.

மொக்கையன் மகள் தலையைத் தடவி, 'என் ராசாத்தி' என்றார்.

'அப்பா, இன்னிக்குத்தான அந்தப் பாலக்காட்டு சார் வர்றாரு?'

'ஆமா.'

'அவருகிட்ட வாசிச்சுக் காட்டலாம்னுதான் இம்புட்டு நாளா பழகுனேன்.'

'அடுத்த வருசம் காட்டிக்கலாம் தாயி.'

'அடுத்த வருசம் எல்லாரும் வாசிப்பாங்க. இந்த வருசந்தான நான் புதுசா வாசிக்கிறேன்.'

மொக்கையன் அணைக்கரையில் எல்லாருக்கும் சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்தார். கதிரைக் கடித்துக்கொண்டே ஒரு பையன் இன்னொருவனிடம், 'எதுக்கு நம்மள மட்டும் டூர் கூட்டியாந்துருக்காங்க தெரியுமா? நமக்கு வாசிக்க வராதுல்ல, அதான்' என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னான். மற்றவனும், 'ஆமா, எனக்குத் தெரியும்' என்று தலையாட்டினான். மொக்கையன் தன் கையிலிருந்த சோளத்தைக் கடிக்காமலே சோலையிடம் கொடுத்துவிட்டார்.

ரிசல்ட் வந்தது. வெள்ளிமுடிக்கு 'ஏ'. டி-யிலிருந்து ஒரே தாவலில் ஏ. பஞ்சாயத்து மெம்பர் சால்வையோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் பாயசம். கடைத்தெருவில் சிரித்தவனுக்கும் ஒரு டம்ளர் அனுப்பிவைத்தார் மொக்கையன். அணைக்கரையில் நெஞ்சில் குத்தின முள் அந்தப் பாயசத்தில் கரைந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே பிலோமி டீச்சருக்கு உத்தரவு வந்தது. கீழே விழுந்து கிடக்கிற பள்ளிக்கூடங்களுக்குத்தான் வாசிப்பு டீச்சர். ஏ வாங்கின பள்ளிக்கூடத்துக்கு எதற்கு? மாங்குளம் பக்கம் வேறொரு பள்ளிக்கூடத்தில் சேரவேண்டும். ஹெச்.எம். டீச்சர் இதை வருஷ ஆரம்பத்திலேயே பி.டி.ஏ. மீட்டிங்கில் வாசித்துச் சொல்லியிருந்தார். அப்போது தலைவர் எங்கே? வெளியே நின்று, தின்னக் கொடுக்க வாங்கின பழம்பொரி எல்லாருக்கும் போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

மொக்கையன் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். பிலோமி டீச்சர் அட்டைகளையும் பிள்ளைகள் எழுதின தாள்களையும் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும், 'அண்ணே, அன்னிக்கு எம் பிள்ளைகள எங்க கொண்டு போனீங்க?' என்று கேட்டார்.

'எதுக்குச் செஞ்சேன்னா டீச்சர்... நம்ம பள்ளிக்கூடத்துக்கு நல்ல பேரு...'

'பேரு வந்துருச்சுல்ல. எனக்கு ஊர் ஊராப் போறது பழக்கம்ணே. அதுல ஒண்ணுமில்ல. சங்கரி பாதியில நிக்கிறா. இப்ப விட்டா மறுபடி பழையபடி ஆயிருவா. மத்ததுகளும் அப்பிடித்தான். அதுதான் மனசு கேக்கல.'

வீட்டுக்கு வந்து சொன்னால் அழகுத்தாய் விடுவாளா? 'சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எஸ்டேட்டுக்கெல்லாம் வெள்ளையடிச்சீங்க, பேசாம இருந்தேன். இப்ப பெத்த பிள்ள படிப்பு மேலயும் சேத்து அடிச்சுட்டு வந்து நிக்கிறீங்க. தவமிருந்து பெத்தது இதுக்கா?' சங்கரி மூலையில் உட்கார்ந்து கோழிப் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட மொக்கையனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார்கள். ரிப்போர்ட்டை ஆபீசிலேயே பூட்டிவைக்காமல், மதிப்பிட்டவரே வந்து, பெற்றவர்களுக்குப் புரிகிற பாஷையில் வாசித்துச் சொல்லவேண்டும். பாலக்காட்டு அதிகாரி மறுபடி மலையேறி வந்தார். பெயர் பூபதிராஜா. கோவிந்தாபுரத்துப் பக்கம் தென்னந்தோப்புக்காரக் குடும்பம். முப்பத்தைந்து வயசு இருக்கும், குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவார்.

மொக்கையன் முதலில் தனக்குத் தெரிந்த வைத்தியத்தையே செய்து பார்த்தார். மீட்டிங்குக்கு முன்னால் வீட்டுக்குக் கூட்டிப்போய் நாட்டுக்கோழிக் குழம்பு போட்டார். இலையில் இரண்டாவது தடவை குழம்பை ஊற்றும்போது மெல்ல விஷயத்தை எடுத்தார்.

'சார், அந்த பிலோமி டீச்சர மட்டும் இங்கிட்டே விட்டுட்டீங்கன்னா...'

'அதெப்படிங்க தலைவரே முடியும்? ஏ வாங்குன பள்ளிக்கூடமுங்க. வாசிக்கத் தெரியாத புள்ளைங்க உள்ள எடத்துக்கு அந்த டீச்சர் போகோணுமுங்கள்ல? நீங்களே சொல்லுங்க.'

'இங்கிட்டும் கொஞ்சம் இருக்குங்க சார்.'

'நான் கேட்ட புள்ளைங்க அத்தனையும் கடகடன்னு வாசிச்சுதுங்களே. குழம்பு போதுமுங்க, அம்மணி, ரொம்ப நல்லாருக்குது.'

அழகுத்தாய் கதவோரமாக நின்று கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மீட்டிங் தொடங்கியது. பெற்றவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பூபதிராஜா ரிப்போர்ட்டை நிறுத்தி நிதானமாக வாசித்தார். வாசிப்பு மிக நன்று, புரிதல் நன்று. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். முடிவில், 'யாருக்காவது எதாச்சும் சொல்லோணுமுங்களா?' என்று கேட்டார். சட்டம் அப்படி, கேட்டே ஆகவேண்டும். பிலோமி டீச்சர் பின்வரிசையில் பையோடு உட்கார்ந்திருந்தார். மாலை ஜீப்பில் கிளம்பவேண்டியவர்.

மொக்கையன் எழுந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று இரண்டு பேர் கைகூடத் தட்டிவிட்டார்கள்.

'சார், அந்த ஏ எங்களோடது இல்ல' என்றார். 'அன்னிக்கு ஒரு ஜீப் நெறைய பிள்ளைங்கள நான் ஆனையிறங்கலுக்குக் கூட்டிப் போயிட்டேன். காதுகுத்துமில்ல, ஒண்ணுமில்ல. வாசிக்க வராத பிள்ளைங்க. நீங்க பாத்துறக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சேன். எம் மகளும் அதுல ஒருத்தி.'

அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

'நானும் இதே பள்ளிக்கூடந்தான் சார். இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு வாத்தியார் என்னைய வெறகு பெறக்க அனுப்பிருவாரு. நானும் சந்தோசமாத்தான் போனேன். நாலு வருசமும் ஒரு இன்ஸ்பெக்டர்கூட என்னையப் பாக்கல. இங்க வாசிக்கத் தெரியாத ஒரு பய இருக்கான்னு எந்த ரிப்போர்ட்லயும் வரல. இன்னிக்கும் பஸ் போர்டு தவிர எனக்கு வாசிக்க வராது. மத்ததெல்லாம் யாராச்சும் சொல்லித்தான். எனக்குச் செஞ்சத நான் எம் பிள்ளைக்குச் செஞ்சுட்டேன். அதான் தாங்கல.'

பின்னாலிருந்து ஒருவர், 'இத இப்பச் சொல்லி எதுக்கு எங்க மானத்த வாங்குறீரு?' என்று எழுந்தார். 'மறுபடி டி போடுவாங்க. பள்ளிக்கூடத்த இழுத்து மூடுவாங்க. நீரு வந்து தொறப்பீரா?' இன்னும் இரண்டு மூன்று குரல் அவரோடு சேர்ந்துகொண்டது. தலைவரை மாற்றவேண்டும் என்று அங்கேயே பேச்சு எழுந்தது.

அப்போது சோளம் கடித்துக்கொண்டு பேசினானே, அந்தப் பையனின் அம்மா எழுந்தாள். கொழுந்து எடுக்கிற உடுப்போடு வந்திருந்தாள். 'சார், எம் பையனுக்கு வாசிக்க வராதா?' என்று கேட்டாள். 'எனக்குத் தெரியாதே. ஏ-ன்னு சொன்னாங்க. பாயசம் குடுத்தாங்க. எம் பையன் நல்லாப் படிக்கிறான்னு நெனச்சுக் குடிச்சுட்டுப் போயிட்டேன்.' சொல்லிவிட்டு உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தாள். கூச்சல் போட்டவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஹெச்.எம். டீச்சர் மெல்ல எழுந்து, 'ஊருக்குப் போயிருக்காங்கன்னு எழுதுனது நான்தான் சார். விசாரிச்சிருக்கணும். தப்பு எம்மேலயும் இருக்கு' என்றார்.

பூபதிராஜா கையிலிருந்த ரிப்போர்ட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். தன் ஸ்வெட்டரின் கையை இழுத்து விட்டுக்கொண்டார்.

'என்ற தப்பும் இருக்குதுங்க' என்றார். 'பெஞ்சு காலியாக் கெடந்தத நானும் பாத்தேன். ஊருக்குப் போயிருக்காங்கன்னாங்க, செரீன்னு வந்துட்டேன். எங்க கணக்குல வந்த புள்ளைங்களுக்குத்தானுங்க எடம். வராத புள்ளைங்கள யாரும் கேக்கறதே இல்லீங்க. வந்ததுகளக் கூட்டி, வகுத்து, ஒரு எழுத்தப் போட்டுட்டுப் போயிடறோம். இந்த அம்மணி கேட்டதுக்கு அந்த எழுத்துல பதில் இல்லீங்களே.'

மறுபடி மதிப்பீடு வைப்பதாகச் சொன்னார். ஒரு பிள்ளை விடாமல். ஒவ்வொரு பிள்ளைக்கும் வருஷ ஆரம்பத்தில் என்ன வந்தது, இப்போது என்ன வருகிறது, இன்னும் என்ன வரவில்லை என்று தனித்தனியாக எழுதி, பெற்றவரைக் கூப்பிட்டு நேரில் சொல்லுவதாகச் சொன்னார். மேலதிகாரிகள் கேட்டால் தானே பதில் சொல்லிக்கொள்வதாகவும், அதுவரைக்கும் பிலோமி டீச்சர் இங்கேயே இருக்க எழுதி அனுப்புவதாகவும் சொன்னார். 'ஆனா ஒண்ணுங்க. அன்னைக்குத் தலைவர் இந்தப் பக்கமே வரப்படாதுங்க.' அந்த இறுக்கத்திலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். மொக்கையன் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டாவது மதிப்பீடு நடந்தது. மொக்கையன் ஃபாக்டரி மாடியிலேயே கிடந்தார். நாற்காலி போட்டார்களா, தண்ணீர் வைத்தார்களா என்று கை அரித்தது. போன் போடவில்லை. ரிசல்ட் 'சி' என்று வந்தது. பஞ்சாயத்து மெம்பர் வரவில்லை. பாயசமும் இல்லை. கடைத்தெருக்காரன் மறுபடி வாய் நிறையச் சிரித்தான். அதற்குள் பி.டி.ஏ.வுக்குப் புதுத் தலைவரும் வந்துவிட்டார். மொக்கையன் மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டு, பெஞ்சில் ஆடின ஆணியை அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். சி என்பதால் பிலோமி டீச்சரின் மாறுதல் ரத்தானது.

பெற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்ட அன்றைக்கு அழகுத்தாய் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மொக்கையன் சலவைச் சட்டையைத் தொடவில்லை, ஃபாக்டரி உடுப்போடே வந்தார். வகுப்பறையில் பூபதிராஜாவும் பக்கத்தில் பிலோமி டீச்சரும். எதிரே சங்கரியை நடுவில் வைத்து இவர்கள் இருவரும் சின்னப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள்.

'உங்க புள்ள ஜூன் மாசம் எழுத்துக் கூட்டாதுங்க' என்று தொடங்கினார் பூபதிராஜா. 'இப்ப சின்னச் சின்ன வாக்கியமா வாசிக்கிது. வாசிச்சது என்னன்னு கேட்டா செரியாச் சொல்லுது. நீளமான வார்த்தை வந்தா நின்னுக்குது. மூணாப்புக்கு இது பத்தாதுங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். இன்னும் பாதி தூரம் இருக்குது.'

மொக்கையன் வாழ்நாளில் தன் வீட்டைப் பற்றி ஒரு வெளியாள் இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபம் வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. மகளின் முகம் வாடிவிடுமோ என்றுதான் பயம். மெல்ல அவள் பக்கம் திரும்பி, 'வருத்தமா தாயி?' என்று கேட்டார்.

சங்கரி அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

'பாதி வந்துருச்சுப்பா' என்றாள். 'மிச்சத்துக்குத்தான் டீச்சர் இருக்காங்கள்ல.'

மொக்கையன் வேறு பக்கம் திரும்பப் பார்த்தார். அந்தச் சின்னப் பெஞ்சில் திரும்ப இடமில்லை. அதிகாரி முன்னால், டீச்சர் முன்னால், பெண்டாட்டி பிள்ளை முன்னால் உட்கார்ந்தபடியே அழுதார்.